பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பு: காசு எதுக்குப் போகுது, எதைப் பார்த்துச் சேரணும்?

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்து ஒரு நேயர் கேட்டிருக்கார்: "ரிசார்ட் எல்லைக்கு வெளியே ஸ்கீ பண்ண நண்பர்கள் கூப்பிடுறாங்க. முதல்ல ஏ.எஸ்.டி. 1 வகுப்பை முடின்னு சொல்றாங்க. ஒரு இடத்துல 250 டாலர், இன்னொரு இடத்துல 400 டாலர். பாடத்திட்டம் ஒண்ணுதானே, மலிவானதுல சேரலாமா?"

நல்ல கேள்வி. பதில் சொல்றதுக்கு முன்னாடி, இந்த வகுப்பு எதுக்குன்னு தெரியணும்.

பத்து நிமிஷக் கணக்கு

உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை தானாக விழுவதில்லை. சிக்கியவரோ, அவர் கூட வந்தவரோதான் அதைக் கிளப்பி விட்டிருப்பாங்க. 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள சரிவுகள்தான் முக்கியமான ஆபத்துப் பகுதி. ஸ்கீ செய்ய ஆசையைத் தூண்டுவதும் அதே சரிவுகள்தான்.

முழுசாகப் புதைந்தவரைச் சுமார் 10 நிமிஷத்துக்குள் வெளியே எடுத்தால், பத்தில் ஒன்பது பேர் பிழைக்க வாய்ப்பு உண்டு. அதுக்கப்புறம் அந்த வாய்ப்பு மளமளன்னு இறங்கிடும். ஹெலிகாப்டர் அந்த நேரத்துக்குள்ள வராது. ஆக, உங்களைக் காப்பாற்றப் போறவர் பக்கத்துல நிற்கிற நண்பர்தான். நீங்க மட்டும் வகுப்புக்குப் போய் அவர் போகலைன்னா, அவரைத் தேட ஆள் இருக்கு, உங்களைத் தேட ஆள் இல்லை. முடிஞ்சா ரெண்டு பேரும் சேர்ந்தே போங்க.

யார் நடத்துறாங்க?

2002-03 குளிர்காலத்தில் கனடாவில் 29 பேர் பனிச்சரிவில் இறந்தாங்க. அதில் 7 பேர், 2003 பிப்ரவரி 1 அன்று ரோஜர்ஸ் பாஸ் அருகே சிக்கிய பள்ளி மாணவர்கள். நாட்டையே உலுக்கிய சம்பவம் அது. அதைத் தொடர்ந்து 2004-ல் உருவான அமைப்புதான் இன்றைய 'அவலாஞ்ச் கனடா'. தினசரி ஆபத்து அறிக்கை வெளியிடுவதும், ஏ.எஸ்.டி. பாடத்திட்டத்தை வகுப்பதும் இவங்கதான். வகுப்பை நடத்துறது அவங்க அங்கீகரித்த வழிகாட்டிகளும் நிறுவனங்களும். அதனால் பாடத்திட்டம் ஒண்ணு, விலை வேற வேற.

விலை ஏன் மாறுது?

ஏ.எஸ்.டி. 1 வழக்கமாக ரெண்டு நாள்: ஒரு நாள் அளவுக்கு வகுப்பறைப் பாடம், ஒரு நாள் மலையில் பயிற்சி. பாடத்தைச் சில இடங்களில் ஆன்லைனிலேயே முடிச்சிடலாம். மலையில் கழியும் அந்த நாள்தான் வகுப்பின் உயிர். நீங்க கொடுக்கிற காசும் அங்கேதான் வேலை செய்யணும். பணம் கட்டுறதுக்கு முன்னாடி இதையெல்லாம் கேளுங்க:

- ஒரு ஆசிரியருக்கு எத்தனை மாணவர்கள்? கூட்டம் அதிகமானா, நீங்க கருவியைக் கையில் பிடிச்சுத் தேடுற நேரம் குறையும்.
- மலையில் எத்தனை மணி நேரம்? அதில் மீட்புப் பயிற்சிக்கு எவ்வளவு?
- கருவி வாடகை, லிஃப்ட் டிக்கெட் கட்டணத்துக்குள் அடங்குமா? 250 டாலர் வகுப்பு கடைசியில் 400-ஐ நெருங்குவது பெரும்பாலும் இங்கேதான்.
- நீங்க எதில் போறீங்களோ அதுக்கான வகுப்பா? ஸ்கீ, ஸ்னோஷூ, ஸ்னோமொபைல்னு தனித்தனியாக நடத்துறாங்க.
- வானிலை கெட்டுப்போனா தேதியை மாத்துவாங்களா, பணம் திரும்ப வருமா?

இந்தக் கேள்விகளுக்கு 250 டாலர் இடம் தெளிவாகப் பதில் சொன்னா, தாராளமாக அங்கேயே சேருங்க. விலை கூடினதாலேயே வகுப்பு நல்லதாகிடாது. பதில் மழுப்பலாக வந்தா, மிச்சமாகும் 150 டாலருக்காகப் போக வேண்டாம்.

கருவிச் செலவு

டிரான்ஸீவர், புரோப், ஷவல் இந்த மூணும் ஒவ்வொருத்தர்கிட்டயும் இருக்கணும். டிரான்ஸீவர் சிக்னல் அனுப்பும், தேடும்போது பிடிக்கும். புரோப் என்பது மடிச்சு வைக்கிற நீளமான கம்பி. புதைந்தவர் சரியாக எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில் இருக்கார்னு குத்திப் பார்க்க. ஷவல் அலுமினியத்தில் இருக்கட்டும், பிளாஸ்டிக் வேண்டாம். சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகிடும். ஒன்றரை மீட்டர் ஆழத்தில் இருப்பவரை எடுக்க, ஒரு டன்னுக்கு மேல் பனியைத் தள்ள வேண்டி வரலாம்.

மூணையும் புதுசாக வாங்கினா வகுப்புக் கட்டணத்தைத் தாண்டிடும். அதனால் முதல்ல வாடகைக்கு எடுங்க. வகுப்பில் ரெண்டு மூணு மாடலைக் கையாண்டு பார்த்த பிறகு வாங்கலாம். பழைய டிரான்ஸீவர் மலிவாகக் கிடைக்குதுன்னா, மூணு ஆன்டெனா உள்ள டிஜிட்டல் கருவியான்னு பாருங்க. இல்லைன்னா விட்டுடுங்க.

இப்போ காசு இல்லைன்னா?

அவலாஞ்ச் கனடாவின் 'அவி சாவி' இணையப் பாடம் இலவசம். தினசரி அறிக்கையும் இலவசம். இப்பவே தினமும் அதை வாசிச்சுப் பழகுங்க. ஆனா இதெல்லாம் வகுப்புக்கு ஈடாகாது. காசு சேரும் வரைக்கும் ரிசார்ட் எல்லைக்குள்ளேயே ஸ்கீ பண்ணுங்க. நண்பர்கள் கூப்பிட்டாலும் "இந்த சீசன் வரலை"ன்னு சொல்றதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை.

முடிச்ச பிறகு

ஏ.எஸ்.டி. 1 ஒரு தொடக்கம்தான். எளிதான நிலப்பகுதியைத் தேர்ந்தெடுக்கவும், எப்போ திரும்பணும்னு தெரிஞ்சுக்கவும் சொல்லித் தரும். செங்குத்தான பெரிய சரிவுக்குப் போக அது அனுமதிச் சீட்டு இல்லை. மீட்புப் பழக்கம் சீக்கிரமே கையை விட்டுப் போயிடும். ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் பூங்காவில் ஒரு பையை ஒளிச்சு வச்சு, நண்பரோடு தேடிப் பழகுங்க. சில வருஷம் கழிச்சு ஒரு நாள் மீட்புப் பயிற்சி வகுப்புக்குப் போகலாம். ஏ.எஸ்.டி. 2 அதுக்கப்புறம், மலையில் கொஞ்சம் அனுபவம் சேர்ந்த பிறகு.

ஆக, நேயருக்கு என் பதில்: முதல் செலவு வகுப்புக்கு, ரெண்டாவது செலவு கருவிக்கு, புது ஸ்கீ கடைசியில். உங்க நண்பர்கள்கிட்டயும் ஒரு கேள்வி கேளுங்க: "நீங்க கடைசியாக மீட்புப் பயிற்சி எடுத்தது எப்போ?" அதுக்கு அவங்க சொல்ற பதிலைப் பொறுத்து, அவங்க கூடப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.

அடுத்த அத்தியாயத்தில் சந்திப்போம்.