குழலைக் காக்கும் பிரஷ்

2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் வென்றார். 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அந்தப் போட்டியில் பத்துப் புள்ளிக்கான வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். ஒரு சட்டைப் பித்தான் அளவுதான். பார்வை, மூச்சு, விரல் எல்லாம் சரியாக இருந்தும் குழல் சரியில்லை என்றால் அந்த வட்டம் வசப்படாது. ரைபிளைத் தேர்ந்தெடுக்கக் காட்டும் கவனத்தில் பாதியையாவது குழலைத் துலக்கும் பிரஷுக்கும் காட்ட வேண்டும்.

உள்ளே படிவது என்ன?

இந்தப் போட்டியில் பயன்படுவது .22 ரிம்ஃபயர் தோட்டா. அதன் குண்டு ஈயத்தால் ஆனது. மேலே மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். சுடச்சுட ஈயத் துகளும் கரியும் மெழுகும் கலந்து குழலின் உட்சுவரில் படிகின்றன. தோட்டா அறையை அடுத்து, திருகுப் பள்ளங்கள் தொடங்கும் இடத்தில் இந்தப் படிவு இறுகிப்போகும். துணியை மட்டும் செலுத்தினால் அது எளிதில் பெயராது. அதற்குத்தான் பிரஷ்.

எதை வாங்குவது?

பிரஷின் இழை குழலின் எஃகை விட மென்மையாக இருக்க வேண்டும் என்பதே முதல் விதி. ஈயத்தை அகற்ற பாஸ்பர் வெண்கல பிரஷ் ஏற்றது. லேசான கரிக்கு நைலான் போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷை வாங்கவே வேண்டாம்; நல்ல குழலில் அது கீறல் போட்டுவிடும். இழைகளைத் தாங்கும் நடுக்கம்பி பித்தளையாகவும், அதன் நுனி கூராக நீட்டிக்கொண்டிராமல் வளைத்து மடக்கியதாகவும் இருப்பது நல்லது.

செம்பு உறையிட்ட குண்டு சுடும் பிக் போர் ரைபிள்களில் இன்னொரு சிக்கல் உண்டு. செம்பைக் கரைக்கும் திரவம் வெண்கல இழையையும் அரிக்கும். துணியில் நீலப்பச்சைக் கறை வரும். அது குழலிலிருந்து வந்ததா, பிரஷிலிருந்து வந்ததா என்று தெரியாது. அங்கே நைலானே சரி.

இந்திய வீராங்கனை இளவேனில் வாலறிவன் போன்றோர் பங்கேற்கும் 10 மீட்டர் ஏர் ரைபிளுக்கோ பொதுவாக பிரஷ் தேவையில்லை. அதற்கென உள்ள ஃபெல்ட் உருண்டைகளே போதும்.

செலுத்தும் முறை

துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். தோட்டாப் பெட்டி, வேலை செய்யும் அறையிலேயே இருக்கக் கூடாது. போல்ட்டைக் கழற்றி, பிரஷ் பொருத்திய துலக்கும் கம்பியைக் குழலின் பின்பக்கத்திலிருந்து செலுத்துங்கள். குழல்வாயின் விளிம்பில் சிறு சிதைவு ஏற்பட்டாலும் குறி விலகும் என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. கைப்பிடிக்குள் தாராளமாகச் சுழலும் கம்பியே தேவை. .22 குழலில் பள்ளங்கள் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றும். பிரஷும் அவற்றைப் பின்பற்றிச் சுழல வேண்டும். சுழலவில்லை என்றால் அது பள்ளங்களைத் தாண்டித் தாண்டிச் செல்கிறது என்று அர்த்தம். பாதி வழியில் திசை மாற்றினால் இழைகள் மடங்கிவிடும். முழுவதும் வெளியே வந்த பிறகே திரும்ப இழுக்க வேண்டும்.

பிரஷுக்கும் குளியல்

பலரும் கோட்டை விடுவது இங்கேதான். அழுக்கு பிரஷைக் கரைப்பான் புட்டியில் முக்கினால் புட்டி முழுவதும் கெட்டுவிடும். திரவத்தைச் சொட்டுச் சொட்டாக பிரஷ் மேல் விடுங்கள். ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் பழந்துணியால் துடையுங்கள். வேலை முடிந்ததும் சோப்பு கலந்த வெந்நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். அழுக்கோடு எடுத்துவைத்த பிரஷ், அடுத்த முறை பழைய கரியையே குழலுக்குள் கொண்டுபோகும். தடையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போகும் பிரஷ் தேய்ந்துவிட்டது, தூக்கிப் போடுங்கள்.

துடைத்த துணியிலும் அலசிய நீரிலும் ஈயம் இருக்கும். கையுறை அணியுங்கள். சமையலறைத் தொட்டியில் பிரஷைக் கழுவாதீர்கள். சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள்.

துலக்கிய குழலில் முதல் சில குண்டுகள் சற்று விலகலாம். போட்டிக்கு முந்தைய இரவு பிரஷ் போட்டுவிட்டு நேராகக் களத்துக்குப் போவது சரியல்ல. பயிற்சியில் சில சுற்றுகள் சுட்டு, குழல் நிலைப்பட்ட பிறகு போங்கள்.

பயிற்சியைத் தொடங்கும் பிள்ளைகளுக்குக் குறிபார்க்கக் கற்றுத்தரும் நாளிலேயே குழலைத் துலக்கவும் கற்றுக்கொடுங்கள். இது பயிற்சியாளர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள்.