‘ஹம்சஃபர்’ தொடரில் இல்லறமும் நம்பிக்கையும்

பாகிஸ்தானின் ஹம் தொலைக்காட்சியில் 2011 செப்டம்பர் முதல் 2012 மார்ச் வரை ஒளிபரப்பான உருதுத் தொடர் ‘ஹம்சஃபர்’. ஃபர்ஹத் இஷ்தியாக் தம் புதினத்தைத் தாமே திரைக்கதையாக்க, சர்மத் கூசத் இயக்கினார். ‘ஹம்’ என்னும் பாரசீக முன்னொட்டு உடனிருத்தலையும் ‘சஃபர்’ என்னும் அரபுச் சொல் பயணத்தையும் குறிக்கும். தமிழில் ‘வழித்துணை’ எனலாம்.

நோயுற்ற தாயின் விருப்பத்திற்கிணங்கிக் கிரத் தன் மாமன் மகன் அஷரை மணக்கிறாள். விருப்பமின்றித் தொடங்கிய இல்லறம் நாளடைவில் அன்பாகக் கனிகிறது. எனினும், மருமகளை ஏற்க மனமில்லாத மாமியார் ஃபரீதா, சூழ்ச்சி செய்து அவளது ஒழுக்கத்தின்மீது பழி சுமத்துகிறாள். கருவுற்றிருந்த கிரத் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறாள். சில ஆண்டுகள் கழித்து, மகளின் இதய நோய்க்கு மருத்துவம் வேண்டியே அவள் மீண்டும் கணவனை நாடுகிறாள்.

இத்தொடரைக் குடும்பச் சூழ்ச்சிக் கதையாக மட்டும் கொள்ளுதல் போதாது. மனைவியின் சொல்லுக்குக் கணவன் செவிசாய்த்திருந்தால் மாமியாரின் சூழ்ச்சி பலித்திராது என்பது நாம் கருதத்தக்கது. செல்வமும் கல்வியும் நிறைந்த குடும்பத்திலும் பெண்ணின் வாய்ச்சொல் சான்றாக ஏற்கப்படவில்லை. உண்மை வெளிப்பட்ட பின்னரே அஷர் மனம் வருந்துகிறான், பிரிந்தோர் இணைகின்றனர். இம்முடிவை இன்பியல் முடிவென ஏற்குமுன், பழியைச் சுமந்தவளே மன்னிக்கும் கடமையையும் ஏன் சுமக்க வேண்டும் என்னும் வினாவை நாம் எழுப்புதல் வேண்டும்.