நம்ம ஊரு கிராமமா, டவுனா?



சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு குழுக் கூட்டத்தில் ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்: “ரோட்டுக்கு அங்கோட்டு இருக்கவளுக்கு நூறு நாள் வேலை உண்டு. இங்கோட்டு இருக்க எனக்குக் கிடையாதாம். ரெண்டு பேரும் ஒரே வயல்லதான் நாத்து நடப் போறோம். இது என்ன ஞாயம் பிள்ளே?”

அன்றைக்கு எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதை இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

ஒரே மண், மூன்று கோடுகள்

நாம் இருக்கும் மண்ணை அரசாங்கம் மூன்று விதமாகப் பிரித்து வைத்திருக்கிறது.

1. வருவாய்த் துறைக் கோடு: தாலுகா, வருவாய்க் கிராமம். பட்டா, வருமானச் சான்று எல்லாம் இதன்படிதான். 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்று 4 தாலுகா. பிறகு கிள்ளியூர், திருவட்டாறு சேர்ந்து 6 ஆனது.

2. உள்ளாட்சிக் கோடு: கிராம ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. நம் மாவட்டத்தில் 9 ஒன்றியங்களில் 95 கிராம ஊராட்சிகள். பேரூராட்சிகளோ 50க்கு மேல்!

3. சென்சஸ் கோடு: மக்கள் தொகைக் கணக்குக்காகப் போடுவது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எண் 33, நம் மாவட்டத்தின் எண் 629. அதற்குள் தாலுகா, அதற்குள் கிராமம் அல்லது டவுன். கடைசியில் ஒரு டீச்சர் வீடு வீடாக நடந்து எழுதி முடிக்கிற அளவுக்குச் சின்னச் சின்னத் துண்டுகள்.

டவுன் என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்றால் சென்சஸ் வேறு கேள்வி கேட்காது, அது டவுன்தான். கிராம ஊராட்சியாக இருந்தாலும், 2011 கணக்கெடுப்பில் மூன்று நிபந்தனை பார்த்தார்கள்: குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், ஆண் தொழிலாளர்களில் 100க்கு 75 பேர் விவசாயம் அல்லாத வேலை. மூன்றும் இருந்தால் ‘சென்சஸ் டவுன்’. பெயர்தான் டவுன், ஆட்சி கிராம ஊராட்சியே.

நம் மாவட்டத்தில் தென்னந்தோப்புக்கு நடுவே வீடு, வீட்டுக்கு அடுத்து வீடு. சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல். அதனால் 2011 கணக்குப்படி நம்மில் 100க்கு 82 பேர் நகரவாசிகள்! தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்தபடி நாம்தான். வயலில் களை பறிக்கிற அக்காவும் இந்தக் கணக்கில் நகரவாசி.

இது கடவுள் போட்ட கோடு இல்லை. டென்மார்க் நாட்டில் 200 பேர் சேர்ந்து வாழ்ந்தாலே நகரம். ஜப்பானில் ஒரு ஊர் நகரமாக 50,000 பேர் வேண்டும்.

கோட்டால் என்ன நஷ்டம்?

2005 சட்டப்படி வந்த நூறு நாள் வேலை கிராமப்புறத்துக்கு மட்டும்தான் என்று இருந்தது. அந்த அக்காவின் வீடு பேரூராட்சிக்குள் இருந்தது. அதனால்தான் கிடைக்கவில்லை. நம் குழுக்களுக்கும் இப்படித்தான். 1999ல் வந்த சுவர்ணஜெயந்தி சுயவேலைவாய்ப்புத் திட்டம் கிராமத்துக்கு என்று இருந்தது. பேரூராட்சிக் குழுக்களுக்கு வேறு திட்டம், வேறு ஆபீஸ்.

ஆனால் கோடு மாறவும் செய்யும். கிராமத்துக்கான மத்திய நிதி கிடைக்க வேண்டும் என்று 2004ல் தமிழக அரசு 500க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் ‘சிறப்புக் கிராம ஊராட்சி’ என்று மாற்றியது. 2006ல் அவற்றை மறுபடி பேரூராட்சி ஆக்கியது. ஊர் அசையவில்லை, பெயர்தான் போய் வந்தது!

நம் வேலை எங்கே போச்சு?

மூன்றாவது நிபந்தனையைத் திரும்பப் படியுங்கள். ஆண்களின் வேலையை மட்டும்தான் பார்க்கிறார்கள். மீன் கூடை சுமக்கிறவள், கயிறு திரிக்கிறவள், அண்டி ஆபீஸுக்குப் போகிறவள் யாரும் அதில் இல்லை. இதைக் கூட்டமைப்பு மூலமாகத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் நாமே செய்கிற தப்பும் ஒன்று உண்டு. கணக்கெடுக்க வரும் டீச்சர் “என்ன வேலை?” என்று கேட்டால், “ஒண்ணும் இல்ல டீச்சர், சும்ம வீட்டுலதான் இருக்கேன்” என்கிறோம். காலையில் மாட்டைக் கறந்து, மதியம் வயலுக்குப் போய், ராத்திரி ஓலை முடைகிறவள் சும்மா இருக்கிறாளாம்! சம்பளம் இல்லாமல் சொந்த வயலிலோ குடும்பக் கடையிலோ செய்வதும் சென்சஸில் வேலைதான். வீட்டுத் தேவைக்குப் பால் கறப்பதைக்கூட வேலை என்று 2001 கணக்கெடுப்பில் ஏற்றுக்கொண்டார்கள். சமையலும் பிள்ளை வளர்ப்பும் மட்டும் இன்னும் கணக்கில் ஏறவில்லை.

2021ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. 2027 மார்ச் 1ஐக் கணக்கு நாளாக வைத்து நடத்துவதாக 2025 ஜூனில் மத்திய அரசு அறிவித்தது. ஆகவே ஒவ்வொரு குழுவும்:

• நம் வீடுகள் எந்த ஊராட்சி அல்லது பேரூராட்சி, எந்த வார்டு, எந்த வருவாய்க் கிராமம் என்று தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

• ஒவ்வொரு உறுப்பினரும் வருஷத்தில் எத்தனை மாதம் என்ன வேலை செய்கிறார் என்று பேசிப் பாருங்கள். ஆறு மாதமும் அதற்கு மேலும் செய்தால் முழுநேரத் தொழிலாளி. குறைந்தால் குறுகிய காலத் தொழிலாளி.

• வீட்டுக்காரர் பதில் சொல்லட்டும் என்று உள்ளே போகாதீர்கள். உங்கள் வேலையை நீங்களே சொல்லுங்கள்.

கோடு எங்கே போட வேண்டும் என்பது இன்று நம் கையில் இல்லை. அந்தக் கோட்டுக்குள் நாம் யார் என்று சொல்வது நம் வாயில்தான் இருக்கிறது, சகோதரிகளே.