110 கி.மீ. தூரம்... ரோடே கிடையாது!

குட்டீஸ், ஒரு கணக்கு கேட்கட்டுமா? 110 கி.மீ. தூரம் போக எவ்வளவு நேரமாகும்? "இதென்ன பிரமாதம், பஸ்சில் ஏறினால் மூன்று மணி நேரம்!" என்பீர்கள். சரி, ரோடே இல்லாவிட்டால்?

நார்வே நாட்டைச் சேர்ந்த ஸ்வால்பார்டு தீவுகளில் இதுதான் நிலைமை. அங்கே பெரிய ஊர் லாங்இயர்பியன். இதன் விமான நிலையம் 1975ல் திறக்கப்பட்டது. இதற்கு வடமேற்கே, நை அலெசுண்ட் என்ற குட்டி ஆராய்ச்சிக் கிராமம் இருக்கிறது. அங்கிருந்து வட துருவம் சுமார் 1,200 கி.மீ. தான்! இரண்டு ஊர்களுக்கும் நடுவே மலைகளும், பனியாறுகளும், கடல் புகுந்த பள்ளத்தாக்குகளும் உள்ளன. போதாக்குறைக்கு பனிக்கரடிகள் வேறு! அதனால், சீக்கிரம் போக வேண்டுமென்றால் குட்டி விமானம்தான்.

இந்த 110 கி.மீ.யை நீங்களே கணக்குப் போடலாம். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கிக்கொண்டே வரும். பூமத்திய ரேகையில் ஒரு டிகிரி என்பது 111 கி.மீ. ஸ்வால்பார்டில் வெறும் 22 கி.மீ. தான்! இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே கிழக்கு மேற்காக 3.6 டிகிரி, அதாவது சுமார் 79 கி.மீ. தெற்கு வடக்காக சுமார் 75 கி.மீ. இனி, பித்தாகரஸ் தேற்றம் போட்டுப் பாருங்கள். விடை 110க்குப் பக்கத்தில் வருகிறதா?

அடுத்தது நேரம். இங்கே பறக்கும் டார்னியர் 228 ரக விமானம், மணிக்கு 400 கி.மீ. வேகத்தில் பறக்கக் கூடியது. அப்படியானால் பதினாறரை நிமிடம் போதுமே! ஆனால், ஆவது சுமார் 25 நிமிடம். ஏன் தெரியுமா? கிளம்பி மேலே ஏறும்போதும், இறங்கும்போதும் அந்த வேகத்தில் போக முடியாது.

பனிமூட்டமோ, பனிப்புயலோ வந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வானம் தெளியும் வரை காத்திருக்க வேண்டியதுதான். நை அலெசுண்டில் யாருக்காவது உடம்பு மோசமானால், மருத்துவமனை இருப்பது லாங்இயர்பியனில். அப்போது எல்லோர் கண்ணும் வானத்தின் மேல்தான் இருக்கும்!

நம் நாட்டவரும் இங்கே போய் வருகிறார்கள். 2008ல் நை அலெசுண்டில் 'ஹிமாத்ரி' என்ற ஆய்வு நிலையத்தை இந்தியா திறந்தது. ஆர்க்டிக் பனி உருகுவதற்கும், நம் பருவமழைக்கும் என்ன தொடர்பு என்று கண்டறிவது அங்குள்ள ஆய்வுகளில் ஒன்று. 2023 டிசம்பரில், சூரியனே உதிக்காத குளிர்காலத்திலும் நம் விஞ்ஞானிகள் அங்கே போய்த் தங்கினர்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். விமானத்தில் ஏறியதும் செல்போனை 'பிளைட் மோடு'க்கு மாற்றுவோம் இல்லையா? நை அலெசுண்டில் இறங்கிய பிறகும் அப்படியே வைத்திருக்க வேண்டும்! வைஃபை, புளூடூத் எதுவும் கூடாது. விண்வெளியின் வெகு தொலைவிலிருந்து வரும் மெல்லிய ரேடியோ அலைகளைக் கேட்கும் ஆன்டெனாக்கள் அங்கே இருக்கின்றன. அவற்றுக்குத் தொந்தரவு தரக் கூடாதே!

உங்கள் பள்ளியில் உலக உருண்டை இருக்கிறதா? அதன் உச்சிக்குப் பக்கத்தில் ஸ்வால்பார்டைத் தேடிப் பிடியுங்கள். தீர்க்கரேகைகள் அங்கே எவ்வளவு நெருங்கிவிட்டன என்று பாருங்கள். 22 கி.மீ. எப்படி வந்தது என்பது சட்டென்று புரிந்துவிடும்!