கையெழுத்துக்கு முன் கணக்கைக் கேளுங்கள்

“விவாகரத்து முடிந்துவிட்டது. சொத்துப் பிரிவினையை மறுபடி கிளற முடியுமா?” வானொலியில் குடும்பச் சட்டம் பற்றிப் பேசும் நாளெல்லாம் நேயர்களிடமிருந்து வரும் கேள்வி இது.

சாலாக் செலாத்தானில் எங்கள் அடுக்குமாடியில் இருக்கும் அக்கா ஒருவருக்கும் இதே கவலை. இருவரும் சம்மதித்துப் பிரிந்தார்கள். வீட்டுப் பங்காக ஒரு தொகையை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். பிறகுதான் தெரிந்தது, கணவர் பெயரில் கிள்ளானில் ஒரு கடைவீடு இருந்தது. “போட்ட கையெழுத்து போட்டதுதானா தம்பி?” என்றார்.

முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டு சட்டச் சீர்திருத்த (திருமணம், விவாகரத்து) சட்டத்தில் இதற்கு இரண்டு பதில்கள் உண்டு.

முதலாவது, ஜீவனாம்சம். பொய்த் தகவலின் பேரிலோ தவறான விவரத்தின் பேரிலோ உத்தரவு போடப்பட்டிருந்தால், அல்லது சூழ்நிலை பெரிதாக மாறியிருந்தால், 83ஆவது பிரிவின்கீழ் அதை மாற்றவோ ரத்து செய்யவோ கேட்கலாம். பிள்ளைகளின் பராமரிப்புச் செலவுக்கு 96ஆவது பிரிவு இருக்கிறது. ஆனால், “இனி ஜீவனாம்சமே கேட்க மாட்டேன்” என்று மொத்தத் தொகை வாங்கி, அதை நீதிமன்றமும் அங்கீகரித்துவிட்டால், 80ஆவது பிரிவின்படி அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

இரண்டாவது, சொத்து. சம்மத உத்தரவை ரத்து செய்வது எளிதல்ல. மோசடி, பொய்த் தகவல், தவறான புரிதல் போன்ற காரணம் இருக்க வேண்டும். அதற்கெனத் தனி வழக்குப் போட்டு நிரூபிக்க வேண்டும். “அன்றைக்குக் கோபத்தில் சம்மதித்துவிட்டேன்” என்பது போதாது. உண்மை தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் வழக்கு பலவீனமாகும்.

பிரிட்டனில் வர்ஷா கோஹில் என்பவரின் வழக்கு இதை நன்றாகக் காட்டுகிறது. 2004இல் 270,000 பவுனும் ஒரு காரும் பெற்றுக்கொண்டு அவர் சம்மதித்தார். வழக்கறிஞரான கணவரோ, தன்னிடம் உள்ளதெல்லாம் கட்சிக்காரர்களின் சொத்து என்றார். பின்னர் அவர் பணமோசடிக் குற்றத்தில் சிறை சென்றார். 2015 அக்டோபர் 14ஆம் தேதி, 7 நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்றம் வர்ஷாவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கணவர் முழு விவரம் தரவில்லை என்ற சந்தேகம் அந்தச் சம்மத உத்தரவிலேயே எழுதப்பட்டிருந்தது. அப்படி எழுதி வைத்தாலும் மறைத்தவருக்கு அது கேடயமாகாது என்றார்கள். அன்றே தீர்ப்பான ஷார்லண்ட் வழக்கிலும் இதே நிலைதான்: ஏமாற்றியது தெரிந்தால், அந்த உண்மை முடிவை மாற்றியிருக்காது என்று நிரூபிக்க வேண்டியவர் ஏமாற்றியவரே.

ஆனால் அங்கே வர்ஷா வழக்கு தொடுத்தது 2007இல். தீர்ப்பு வர 8 ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலம் அலைய எத்தனை பேரால் முடியும்?

ஆகவே, கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். இபிஎப் கணக்கு, வங்கி அறிக்கை, வீட்டுக் கடன் நிலுவை, காப்புறுதி, தொழில் பங்கு எல்லாம் எழுத்தில் வேண்டும். உரிமைப் பத்திர எண் தெரிந்தால் நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி உரிமையாளரைத் தெரிந்துகொள்ளலாம். நிறுவனப் பங்குகளை மலேசிய நிறுவன ஆணையத்தில் பார்க்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்க வசதியில்லை என்றால் அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தையோ அணுகுங்கள்.

அந்த அக்காவிடமும் இதைத்தான் சொன்னேன்: கடைவீடு எந்த ஆண்டு வாங்கப்பட்டது என்பதற்கு ஆதாரம் எடுங்கள், உடனே வழக்கறிஞரைப் பாருங்கள். கணக்குக் கேட்பது பேராசை அல்ல. அது உங்கள் உரிமை.