கண்வலிக் கிழங்கு – 9: தட்டணுவுக்குள் ஒரு சும்மாடு

ஆல்பா, பீட்டா என்னும் இரண்டு டியூபுலின் புரதங்கள் இணைசேர்ந்து அடுக்கப்படுவதால் செல்லுக்குள் நுண்குழல் உருவாகிறது என்பதும், செங்காந்தளில் உள்ள கோல்கிசின் அந்த இணையைப் பற்றிக்கொண்டு அடுக்கு வளரவிடாமல் தடுக்கிறது என்பதும் முன்பே சொல்லி முடிந்தவை. மறந்தவர்கள் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளலாம்.

அச்சன்புதூர் வயல்களைத் தாண்டி மேக்கரை நோக்கி மலையடிவாரம் ஏறுகையில், மழைக்குப் பின் வேலிகளில் இலைநுனியைச் சுருட்டிப் பற்றிக்கொண்டு படரும் அக்கொடியின் நஞ்சு, மூளையிலும் விந்தகத்திலும் கருமுட்டையிலும் இரத்தத்திலும் ஒரே டியூபுலினையா சந்திக்கிறது என்பதே இவ்வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருந்த வினா. ஒரே டியூபுலினை அல்ல என்பதே விடை. மனித மரபணுத்தொகுதியில் ஆல்பாவுக்கும் பீட்டாவுக்குமாக ஏறத்தாழ 20 மரபணுக்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 450 அமினோ அமிலங்கள் நீளமுள்ள, பெரும்பகுதி ஒத்திருக்கும் புரதத்தையே தருகிறது. வேறுபாடுகள் புரதத்தின் வால்முனையில்தான் மிகுதியாகக் குவிந்துள்ளன. இயங்கும் மரபணுக்களைத் தவிர, செயலற்ற போலி மரபணுக்களும் இக்குடும்பத்தில் ஏராளம். நியூயார்க்கில் நிக்கோலஸ் கோவனின் குழு 1982இல் ஆராய்ந்த ஒரு மனிதப் போலி மரபணுவில், செய்தி ஆர்.என்.ஏ. டி.என்.ஏ.வாகத் திரும்பப் படியெடுக்கப்பட்டு மரபணுத்தொகுதிக்குள் செருகப்பட்டதன் தடயம் அப்படியே கிடைத்தது. பங்காளிகள் பெருகிய குடும்பத்தில் யார் உழைக்கிறார், யார் பெயருக்கு இருக்கிறார் என்று பிரித்தறிவதிலேயே அக்காலத்து ஆய்வாளர்களின் பொழுது பெரிதும் கழிந்தது.

அதே குழு சுண்டெலியின் திசுக்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, எந்தப் படி எங்கே வெளிப்படுகிறது என்று பட்டியலிட்டது. ஆல்பாவில் இரண்டு உடன்பிறப்பு மரபணுக்கள் விந்தகத்தில் மட்டுமே வெளிப்பட்டன. பீட்டாவில் மூன்றாம் வகை பெரிதும் நரம்பு செல்களுக்குரியது. ஆனால் ஒரு புரதம் ஓரிடத்தில் மட்டும் உருவாவதாலேயே அவ்விடத்துக்கு அது இன்றியமையாதது என்று முடிவுகட்டுவது அவசரமாகும். கோவன் குழுவினரே 1987இல், வெவ்வேறு பீட்டா வகைகள் ஒரே செல்லின் எல்லா நுண்குழல்களிலும் வேற்றுமையின்றிக் கலந்துகொள்கின்றன என்று காட்டியதால், இத்தனை படிகள் எதற்கு என்ற ஐயம் மேலும் வலுத்தது.

அந்த ஐயத்துக்கு மிகத் தெளிவான மறுமொழி இரத்தத்திலிருந்து வந்தது. குருதி செல்களை உருவாக்கும் திசுக்களில் மட்டும் வெளிப்படும், மற்றப் பீட்டாக்களிலிருந்து வெகுவாக விலகிய வகை ஒன்றை 1986இல் அதே குழு அறிவித்தது. டி.யு.பி.பி.1 என்னும் மரபணுவின் விளைபொருளான அந்த பீட்டா-1, டெங்குக் காலத்தில் வீட்டுக்கு வீடு எண்ணிக்கை பேசப்படும் தட்டணுவுக்கும், அதைப் பெறும் எலும்புமஜ்ஜைப் பெருஞ்செல்லுக்கும் உரியது. தட்டணு என்பது உட்கருவற்ற, 2 முதல் 4 மைக்ரோமீட்டர் அகலமுள்ள செல்துண்டு. ஓய்வில் இருக்கும்போது அது தட்டையான வட்டாக இருப்பதற்குக் காரணம், அதன் விளிம்பை ஒட்டி நுண்குழல் சும்மாடுபோலப் பல சுற்றுகளாகச் சுருண்டு கிடப்பதாகும். 25 நானோமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள குழல் இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் வளைந்து அமைவது எளிய காரியமன்று. அந்த வளையத்தின் பீட்டாவில் மிகப் பெரும்பங்கு பீட்டா-1.

பெருஞ்செல்லில் மட்டும் இம்மரபணு விழித்தெழ, என்.எஃப்.-இ2 என்னும் படியெடுப்புக் காரணி வேண்டும். அக்காரணி நீக்கப்பட்ட சுண்டெலிகளில் தட்டணுக்களே உருவாவதில்லை. டி.யு.பி.பி.1 மட்டும் நீக்கப்பட்ட சுண்டெலிகளைப் பற்றி 2001இல் வெளிவந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. தட்டணுக்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. எஞ்சியவை வட்டாக இராமல் உருண்டையாயின. வளையத்தின் சுற்றுகள் குறைந்தன. இரத்தக் கசிவு நிற்க நேரம் கூடியது. ஒன்றுக்கு மற்றொன்று ஈடாகும் என்று எண்ணப்பட்ட குடும்பத்தில், மற்றப் பீட்டாக்களால் முழுமையாக நிரப்ப இயலாத இடம் ஒன்று இவ்வாறு உறுதிப்பட்டது.

இங்கே ஒரு நாயைப் பற்றிச் சொல்லாமல் கடப்பது இயலாது. பக்கத்து ராஜபாளையத்து வேட்டைநாயை அன்று, மடியில் வைத்துக் கொஞ்சும் கவேலியர் கிங் சார்லஸ் ஸ்பானியலை. இவ்வினத்து நாய்கள் பலவற்றுக்குத் தட்டணு எண்ணிக்கை குறைவு, அளவோ பெரிது. பெரிய தட்டணுவைச் சிவப்பணுவாக எண்ணிவிடும் கருவிகள் எண்ணிக்கையை மேலும் குறைத்துக் காட்டுவதால், நோயற்ற நாய்க்கும் மருந்து எழுதப்படும் நிலை இருந்தது. காரணம் டி.யு.பி.பி.1இல் நேர்ந்த ஒரேயொரு அமினோ அமில மாற்றம் என்று 2008இல் தெரியவந்தது. நாயோ நலமாகவே ஓடித் திரிகிறது. இன்றியமையாமை என்ற சொல்லையும் அளந்தே பயன்படுத்த வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

கோல்கிசினுக்குத் திரும்பினால், மினியாபொலிசில் ஜேம்ஸ் ஒயிட் 1960களில் தட்டணுக்களில் அதைச் செலுத்தி, வளையம் கரைந்து வட்டு வடிவம் குலைவதை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். குளிரூட்டினாலும் வளையம் கரைகிறது, 37 பாகை வெப்பத்தில் மீண்டும் கூடுகிறது. இரத்த வங்கிகள் சிவப்பணுவைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு, தட்டணுவை மட்டும் 20 முதல் 24 பாகையில் ஆட்டியபடியே பேணுவதற்கு இதுவே காரணமென்று கருதிவிடலாகாது. குளிர்ந்த தட்டணுவைக் கல்லீரல் விரைந்து அகற்றிவிடுவதே அதற்கு முதன்மைக் காரணம். அதேபோல, சர்க்கரைவள்ளி என்று மயங்கிக் கண்வலிக் கிழங்கைத் தின்றவருக்கு, வாந்தியும் பேதியும் கண்ட சில நாள்களில் தட்டணு சரிவது, எலும்புமஜ்ஜையில் செல் பிரிதல் தடைபடுவதால் நேர்வது. அதன் பழியைப் பீட்டா-1 மீது போடுவது பொருந்தாது. முடி உதிர்வதும் அவ்வழியே.

ஆயினும் நஞ்சுக்கும் ஆள் தெரியும். மாட்டு மூளையிலிருந்து பீட்டா வகைகளைத் தனித்தனியே பிரித்தெடுத்த அசோக் பானர்ஜியும் ரிச்சர்ட் லூடுவேனாவும், நான்காம் வகை கோல்கிசினை மிக இறுக்கமாகவும் மூன்றாம் வகை மிகத் தளர்வாகவும் பற்றுவதை 1992இல் அளந்து காட்டினர். மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில், சூலகத்தண்டு பக்கவாட்டில் மடிந்து மகரந்தப்பைகளை விட்டு விலகி நிற்பதால் காலைதோறும் ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் தொட்டுவைத்து விளைவிக்கப்படும் விதை, இந்தப் பாகுபாட்டையும் சேர்த்தே ஏற்றுமதியாகிறது.

மூளைக்கும் விந்தகத்துக்கும் ஒதுக்கப்பட்ட இடத்தைத் தட்டணு விழுங்கிவிட்டது. அடுத்த வாரம் கருமுட்டையிலிருந்து தொடங்கும்: மனிதனையும் குரங்கினங்களையும் தவிர வேறு பாலூட்டிகளில் இல்லாத டி.யு.பி.பி.8, பழுதடைந்தால் முட்டை முதிராமலே நின்றுவிடுவது 2016இல் சீனாவில் கண்டறியப்பட்டது; சுண்டெலியில் அந்த மரபணுவே இல்லை என்பதால், அதை ஆராய்ந்தவர்கள் எதிர்கொண்ட சிக்கல் தனிக்கதை.