"செக்" என்றொரு சொல்



"மிச்சக் காசைச் செக் பண்ணு", "பிள்ளையின் கொப்பியைச் செக் பண்ணு", "பிரஷரைச் செக் பண்ணினீர்களா?" என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறோம்! நமது மலையகத் தோட்டங்களிலோ, தொழிலாளரின் வேலைநாள் பதியும் பெரிய புத்தகத்துக்கே செக்ரோல் என்றுதான் பெயர். எல்லோர் நாவிலும் புரளும் இந்த ஆங்கில வினைச்சொல் எங்கிருந்து வந்தது?

நம் பிள்ளைகள் மதரஸாவில் படிக்கும் அரபு மொழியின் வழியாகத்தான் அது ஆங்கிலத்துக்குப் போயிற்று என்றால் வியப்பாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான்.

ஷாஹ் மாத்

இந்தியாவில் சதுரங்கம் எனப் பிறந்த விளையாட்டைப் பாரசீகர் கற்றனர். அவர்களிடமிருந்து பெற்ற அரபிகள் அதை ஷத்ரன்ஜ் என்றனர். அதன் தலைமைக் காய் 'ஷாஹ்'. பாரசீகத்தில் அரசன் என்று பொருள். எதிரியின் அரசனைத் தாக்கும்போது "ஷாஹ்!" என்று எச்சரிப்பார்கள். அரசனுக்குத் தப்ப வழியில்லையென்றால் "ஷாஹ் மாத்". 'மாத' என்றால் அரபியில் 'இறந்தான்'. (சூது கலந்தால் இந்த ஆட்டம் ஹராம். சூது இல்லாவிட்டாலும் நமது ஷாஃபிஈ மத்ஹபில் அது மக்ரூஹ்.)

முஸ்லிம்கள் ஆண்ட ஸ்பெயின் போன்ற நாடுகளின் வழியே ஆட்டமும் சொல்லும் ஐரோப்பாவுக்குள் நுழைந்தன. 'ஷாஹ்' பிரெஞ்சு நாவில் திரிந்து, ஆங்கிலத்தில் 'செக்' ஆயிற்று.

தடுத்தலிலிருந்து சரிபார்த்தலுக்கு

ஆட்டத்தில் "செக்" சொன்னால், எதிராளி மற்ற வேலையை நிறுத்திவிட்டு அரசனைக் காப்பாற்ற வேண்டும். ஆகவே அந்த வினைச்சொல்லுக்குத் தடுத்தல், நிறுத்தி வைத்தல் என்ற பொருள் வந்தது. பிறகு மோசடியைத் தடுக்கச் செய்யும் சோதனையும் செக் ஆனது. இன்று நாம் அறிந்த சரிபார்த்தல் என்ற பொருள் அதிலிருந்து பிறந்தது.

இங்கிலாந்து அரசர்களின் கருவூலத்தில் சதுரங்கப் பலகை போலக் கட்டமிட்ட துணியை மேசையில் விரித்துப் பணம் எண்ணினார்கள். அந்தக் கருவூலத்துக்கு எக்ஸ்செக்கர் என்று பெயர் வந்தது அதனால்தான். வங்கியில் கொடுக்கும் செக்கும் இதே குடும்பத்துப் பிள்ளை.

நமது தோட்டத்தில்

காலையில் பெரட்டுக்களத்தில் பேர் கொடுப்பதும், கொழுந்து நிறுப்பதும், நிர்ணயித்த கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுவதும் நாம் காணும் காட்சிகள். ஒரு பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். பெருந்தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் கிடைத்ததே 1984இல்தான். அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த பேர், ஒரு கோடு தவறினால் போய்விடும்.

சேமலாப நிதியும் அப்படியே. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளி 8 வீதமும் தொழில் கொடுப்பவர் 12 வீதமும் செலுத்த வேண்டும். தோட்டப் பதிவில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் வேறொரு பெயரும் இருந்தால், முதுமையில் அந்தப் பணத்துக்காக அலைய நேரிடும். ஆகவே பெயரையும் அங்கத்துவ இலக்கத்தையும் இன்றே பார்த்துக் கொள்ளுங்கள்.

கேட்பது குற்றமா?

"கணக்கப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது? கோபிப்பாரே!" என்று நமது சகோதரிகள் தயங்குகிறார்கள். கடன் கொப்பியைப் பார்க்கக் கேட்டால் கடை முதலாளி முகம் சுளிப்பாரோ என்றும் அஞ்சுகிறார்கள். சரிபார்ப்பது சந்தேகப்படுவதாகாது. கடனை எழுதிக் கொள்ளும்படியும், எழுதுபவர் நீதியாக எழுதும்படியும், தொகை சிறிதானாலும் எழுதச் சோம்பக் கூடாது என்றும் அல்-பகராவின் 282ஆம் வசனம் கட்டளையிடுகிறது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் அதுவே. நிறுவையில் குறைப்போருக்கு எச்சரிக்கையாக ஒரு ஸூராவே இருக்கிறது.

இந்தக் கட்டளை கடை நடத்தும் நமது குடும்பங்களுக்கும் உரியது. வாங்கிச் செல்லும் தோட்டத்துப் பெண்ணுக்கு எழுத்துத் தெரியாவிட்டால், கணக்கை அவர் முன்னே வாசித்துக் காட்டுங்கள். அவர் மீண்டும் கேட்டாலும் முகம் கோணாமல் மீண்டும் வாசியுங்கள்.

அந்த ஆட்டத்தில் அரசனையே நிறுத்திக் கேட்க ஒரு சிறு சிப்பாய்க் காய்க்கும் உரிமை உண்டு. உழைத்தவள் தன் கணக்கைக் கேட்க அதைவிடப் பெரிய உரிமை உண்டு.